பதினாறாம் நம்பர்

எங்கள் லாட்ஜில் அறைகள் பதினைந்து.
பதினாறு என்று நாங்கள் கூப்பிடுவது
மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில்
குடியிருக்கும் ஆமையை.
வாடகை கிடையாது. காலி செய்யும் நேரமும் கிடையாது.
"ஃபாரஸ்ட்காரனுக்குத் தெரிஞ்சா உள்ள தள்ளிடுவான்,
வாயத் தொறக்காத" என்பார் முதலாளி.
நான் திறக்கவில்லை.
ஆமையும் திறக்கவில்லை.
அதனால் திறக்க முடியவில்லை என்பது
வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

ரிப்போர்ட்டுக்குக் காத்திருக்கும் கைகள் சும்மா இருக்காது.
மால்டாக்காரர்கள் பொரி போடுவார்கள்.
ராஞ்சிக்காரர்கள் பிஸ்கட்டை நனைத்துப் போடுவார்கள்.
அகர்தலாவிலிருந்து வந்த ஒருத்தி
பால்சோற்றைக் குழையப் பிசைந்து ஊட்டினாள்;
அவள் பிள்ளை கீழே எட்டாம் நம்பரில்
எதையும் தொடாமல் கிடந்தான்.
அவளை என்னவென்று தடுப்பேன்?

கடிக்க வேலையில்லாத மூக்கு
கிளிமூக்காகி, பிறகு கருக்கரிவாளாகி
கீழ்த்தாடையைத் தாண்டி வளைந்துவிட்டது.

நான் செய்த பாவம் வேறு.
வெள்ளிக்கிழமைதோறும் ஓட்டில் தேங்காயெண்ணெய் பூசி
நடுக்கட்டத்தில் குங்குமம் வைத்தேன்.
பளபளவென்று இருந்தது.
அந்தப் பளபளப்புக்குக் கீழே
கட்டம் கட்டமாக மேடு தட்டியதை
நான் அழகென்று நினைத்தேன்.
மரமில்லா மலை என்று எங்கள் ஊரைச் சொல்வார்களே,
சத்துவாச்சாரி வெயிலில் நிற்கும் அதே மொட்டைக் குன்றுகள்,
சொப்பு அளவில்.

மாட்டாஸ்பத்திரிக்குப் போய்
"பக்கத்து வீட்டு ஆமைக்கு..." என்று ஆரம்பித்தேன்.
டாக்டர் ஒரு பசுவின் மடியை அமுக்கிப் பார்த்தபடி,
என் முகத்தைப் பார்க்காமலே சொன்னார்:
"பக்கத்து வீட்ல சொல்லுமா.
சோறு, பொரி, பாலு எதுவும் ஆவாது.
புல்லு, செம்பருத்தி எல. காலை வெயிலு, ஒதுங்க நெழலு.
வெதுவெதுப்பா தண்ணில கால்மணி நேரம் ஊறட்டும்.
தீனிய சொரசொரப்பான கல்லு மேல வையி.
மீன்கடையில கணவா ஓடு கேளு, கடிச்சுத் தேயும்.
எண்ணெ இன்னாத்துக்கு? அது இன்னா தலையா?
மூக்கு ரொம்ப நீண்டிருந்தா ராவணும்.
இங்க கொண்ணாந்தா நான் எழுதியாவணும்."

கணவாய் ஓடு வாங்கி வைத்தேன்.
மூக்கு இடித்து அது தள்ளித் தள்ளிப் போனது.

பதினொன்றாம் நம்பரில் பலராம் நந்தி.
தாடையில் பாதி இல்லை; குழாயில் கஞ்சி.
ஒரு பகல் முழுக்க ஆமைக்கு எதிரில் குந்தியிருந்தார்.
மறுநாள் துணிச்சுருளைப் பிரித்தார்:
மூன்று அரம்.
சங்கறுக்கிறவர் என்று அவர் மனைவி
தன் வெள்ளை வளையலைத் தட்டிக் காட்டினாள்.
ஆஸ்பத்திரிக்கு எதற்கு அரத்தோடு வந்தார் என்று கேட்க
எனக்கு அவர்கள் பாஷை தெரியாது.

ஈரத்துண்டில் சுற்றி நான் பிடித்துக்கொண்டேன்.
தலை வெளியே வரும்வரை பொறுத்து
தாடைக்கடியில் கட்டைவிரலைக் கொடுத்தார்.
முதல் ராவு.
சட்டென்று நிறுத்தி என்னைப் பார்த்தார்.
சங்கு எந்தக் காலத்திலும்
அவர் கையில் சிலிர்த்திருக்காது.

அதற்குப் பிறகு நாளுக்கு ஒரு நகக்கண் அளவுதான்.
ஏழு நாள்.
வெளுத்து மடித்த விரிப்புகளின் மேல்
நகம் தீய்ந்த வாடையோடு வெள்ளைத் தூள்.
எட்டாம் நாள் செம்பருத்தி இலையை வைத்தேன்.
நறுக்.
அவர் தன் கன்னத்துக் கட்டைத் தொட்டுக்கொண்டார்.
சிரித்தாரா, வலித்ததா,
அந்த முகத்தில் கண்டுபிடிக்க முடியாது.

காட்பாடியில் ரயில் ஏறப் போனார்கள்.
பதினொன்றின் விரிப்பை உதறியபோது
சின்ன அரம் விழுந்தது. மறந்ததா, விட்டதா?

ஏறிய மேடு இனி இறங்காதாம்.
புதிதாய் வளரும் ஓரம் மட்டும் தட்டையாய் வருமாம்.
கார்த்திகை மழைக்குள்
நூலளவு வந்திருக்கிறது.

மாடிக்கு யாரோ பொரிப்பையோடு ஏறி வருகிறார்கள்.
நான் கையை மறித்து
ஒரு பிடி புல்லைக் கொடுக்கிறேன்,
கல்லைக் காட்டுகிறேன்.